லிஃப்ட் மெக்கானிக்கின் லீட் கிட்டார்

என் மனைவி எழுதிய பாட்டின் நடுவில் ஒரு காலியிடம் இருக்கிறது. இரண்டாவது சரணம் முடிந்து கடைசிப் பல்லவி தொடங்குவதற்கு முன், அவள் பாடுவதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் இடம். ஒரு டம்ளர் தண்ணீரை நின்று நிதானமாகக் குடிக்கும் நேரம் இருக்கும். பின்னணியில், பல கம்பிகளைச் சேர்த்து மீட்டிய கிட்டார் கார்டுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டு போகும். அவற்றின் மேல், தனியாக மெட்டு வாசிக்கும் ஒரு லீட் கிட்டார் வரவேண்டும். அதை வாசிக்க வேண்டியவன் நான்.

"கல்யாணத்துக்கு அப்புறம் உங்க அக்கா வாயை மூடிக்கிட்டு எனக்காகக் காத்திருக்கிற ஒரே இடம் அதுதான் மாப்ள" என்று மச்சானிடம் சொல்லிச் சிரித்தேன். அவன் அதை ஓர் எழுத்து குறையாமல் அக்காவிடம் ஒப்பித்துவிட்டான். அன்றைக்கு எனக்கு வந்த டீயில் சர்க்கரை இல்லை.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். பகல் முழுக்க ஊரார் நெஞ்சைப் பார்த்து, "மூச்சை இழுங்க, பிடிங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் பாடுவாள். சமையலறையில், குளியலறையில், துணி மடிக்கும்போது. நான் கதவைத் திறந்து உள்ளே வந்தால் சத்தம் பாதியாகும். வேற்றாள் வந்தால் அணைந்தே போகும். அப்படிப்பட்டவள் ஒருநாள், உள்ளூர் வானொலியில் வீட்டிலேயே பதிவு செய்த பாட்டுகளைப் போடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டுமாம் என்று சொல்லிவிட்டு, "அனுப்பலாம்னு இருக்கேன்" என்றாள். பிறகு, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். அந்த டம்ளரைப் பார்த்த பிறகுதான் இது விளையாட்டு இல்லை என்று எனக்கு உறைத்தது.

பாட்டு எதைப் பற்றி என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதில் தற்பெருமை கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் லிஃப்ட் மெக்கானிக். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவளுடைய ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே விளக்கும் போய்விட்டது. சக்கரம் வைத்த எக்ஸ்ரே மெஷினோடு அவள் உள்ளே. கூடவே அழுதுகொண்டிருந்த ஒரு நோயாளி. மேலே மோட்டார் அறையில் இருந்த ஆள் பிரேக்கைத் துளித்துளியாகத் தளர்த்த, நான் லிஃப்ட்டின் தலைமேல் நின்று டார்ச் அடித்துக் குரல் கொடுத்து, அதை மாடிக்கு நேராகக் கொண்டுவந்து கதவைத் திறந்தேன். முதலில் நோயாளி வெளியே வந்தார். அப்புறம் எக்ஸ்ரே மெஷின் வந்தது. அப்புறம் என் மனைவி வந்தாள். அன்றைக்கு இரண்டு பேருக்குமே அது தெரியாது.

பாட்டில் என் பெயர் இல்லை. இருட்டு, நின்றுபோன பெட்டி, மேலே இருந்து வரும் ஒரு சத்தம், அவ்வளவுதான் வரிகளில். ஆனால் கதாநாயகன் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் காலியிடத்தில்தான் அவன் வந்து காப்பாற்றுகிறான். அப்படியானால் லீட் எப்படி இருக்க வேண்டும்? இடி இடிக்க வேண்டாமா? இரும்புக் கயிறு துடிக்க வேண்டாமா?

துடிக்க வைத்து ஒன்று பதிவு செய்து, அதைப் போனில் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனேன். என்னோடு ஜோடியாக வேலை செய்பவனை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பு ஒல்லி, தலை பெரிது. ஒரு லிஃப்ட்டின் கூரைமேல் இருவரும் உட்கார்ந்து கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, அவன் காதில் ஹெட்போனை மாட்டினேன். கண்ணை மூடிக் கேட்டான். முடிந்ததும் கழற்றிக் கொடுத்தான்.

"எப்படி இருக்கு?"

"கேட்டுக்கிட்டே இருக்கும்போது முடிஞ்சுடுச்சுப்பா."

"அது நல்லதா, கெட்டதா?"

"முடிஞ்சது நல்லது."

அத்தோடு விட்டிருக்கலாம். "அதைவிட நீ சும்மா இருக்கும்போது ஏதோ முனகுவியே, அது தேவலை" என்றான்.

"நானா? நான் எப்ப முனகினேன்?"

"சரியாப் போச்சு. கயிறு கொஞ்சம் ஆடினா முனகுவே. மேனேஜர் வந்தா முனகுவே. நீ முனக ஆரம்பிச்சா நான் முதல்ல என் பெல்ட்டை இறுக்கிக்குவேன்."

பொறாமை பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் படுக்கையறைதான் ஸ்டூடியோ. எதிரொலி வராமல் இருக்க ஜன்னலில் கம்பளி தொங்கும். அலமாரிக் கதவுகளை விரியத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு முன்னால் மைக்கை நிறுத்திவிட்டால், அவள் என் குளிர்கோட்டைப் பார்த்துப் பாடுவாள். நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பேன். மேல்வீட்டில் மிக்சி ஓடாத நேரமாகப் பார்த்து, தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு, வாசல் மணியின் கம்பியைக் கழற்றிவிட்டுத்தான் பதிவு செய்ய வேண்டும். இத்தனையும் செய்து முடிப்பதற்குள் வாசிக்க வந்ததே மறந்துவிடும்.

சனிக்கிழமை முழுவதும் முயற்சி செய்தேன். அவள் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் கேட்டாள்.

"பாத்திரக்கடைக்காரர் மாடிப்படியில உருண்ட மாதிரி இருக்கு."

"வேகம்மா அது. இதுக்கு விரல் எவ்வளவு பழகணும் தெரியுமா?"

"தெரியுது. ஆனா எந்த மாடியிலயும் நிக்கலையே. லிஃப்ட் நிக்காமப் போய்க்கிட்டே இருந்தா நான் எங்க ஏறுவேன், எங்க இறங்குவேன்?"

லிஃப்ட் மெக்கானிக்கிடம் கேட்கிற கேள்வியா இது? வேகத்தைக் குறைத்து, உருக்கமாக ஒன்று வாசித்தேன்.

"இப்ப?"

"இப்ப லிஃப்ட் நின்னே போச்சு."

அடுத்ததில் கம்பியை வளைத்து வளைத்து இழுத்தேன். கிட்டார் கேவிக் கேவி அழுதது.

"யாருங்க செத்தது?" என்று கேட்டாள்.

கோபித்துக்கொண்டு கிட்டாரைக் கட்டிலில் சாய்த்தேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க மூச்சே விட மாட்டேங்கறீங்க. நான் பாடும்போது ஒரு வரி முடிஞ்சா மூச்சு வாங்கணும் இல்ல? உங்க கிட்டாருக்கு அது வேண்டாமா?"

"கிட்டாருக்கு ஏது மூக்கு?"

"வாசிக்கிறவருக்கு இருக்கே. அதுவும் நல்லா பெரிசா."

சிரித்துவிட்டேன். ஆனால் உள்ளுக்குள் பயம் தொடங்கிவிட்டது. பதிவு செய்யும்போது திரையில் ஒரு சிவப்புப் புள்ளி எரியும். சும்மா வாசிக்கும்போது சொன்னபடி கேட்கும் விரல்கள், அந்தப் புள்ளியைப் பார்த்ததும் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஓடுகின்றன. ஓட்டத்தை நிறுத்தினால் அடுத்து என்ன வாசிப்பது என்று தெரியாது. அது வெளியே தெரியக் கூடாது என்றுதான் இன்னும் வேகமாக ஓடுகிறேன். இது அவளுக்குத் தெரிந்திருக்கும். நெஞ்சுக்குள் பார்ப்பதுதானே அவள் வேலை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சான் வந்தான். கூரியர் ஆபீசில் வேலை. இரண்டு தெரு தள்ளி வீடு. கக்கத்தில் கீபோர்டு. அதில் ஒரு பட்டனை அமுக்கினால் புல்லாங்குழல், இன்னொன்றை அமுக்கினால் வயலின், மூன்றாவதை அமுக்கினால் மழை பெய்யும். பாட்டை எல்லாம் சேர்த்துச் சரிசெய்து அனுப்பும் வேலை அவனுடையது.

"மாமா, லீட் ரெடியா?"

"ஆயிட்டே இருக்கு."

"அது சரி. நான் சும்மா இருக்கட்டும்னு ஒரு புல்லாங்குழல் பிட் பண்ணி வெச்சிருக்கேன். அக்கா கேக்கறியா?"

வாசித்தான். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. லிஃப்ட்டுக்குள் போட்டுவைக்கும் இசை மாதிரி, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். கேலி இல்லாத பார்வை. அதுதான் எனக்கு ஆகாது.

"நாலு மணி வரைக்கும் நீங்க முயற்சி பண்ணுங்க. வரலைன்னா தம்பியோடத போட்டுடலாம்."

"அடுத்த வாரம் அனுப்பினா வாங்க மாட்டாங்களா?"

"வாங்குவாங்களோ என்னவோ. நான் அனுப்ப மாட்டேன். இன்னைக்கு விட்டா அப்புறம் எப்பவும் அனுப்ப மாட்டேன், எனக்கு என்னைத் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த இடத்துல நீங்க இருக்கணும்னுதான் காலியா விட்டேன். ஆனா காலியா அனுப்ப முடியாதே" என்றாள்.

நியாயம்தான். ஆனால் லிஃப்ட்டின் தலைமேல் நின்றவன் நான். அந்த இடத்தில் ஒரு பட்டன் போய் உட்காருவதா?

அவள் ஒரு வரியைத் திருத்திப் பாடினாள். அவசரமாக முடித்துவிட்டு, "இனிமே அறை உங்களுக்கு" என்று ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டி, தம்பியை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கதவு சாத்தப்பட்டது.

இங்கே ஒரு சின்ன விவரம். கம்ப்யூட்டரோடு இணைந்த பெட்டியில் இரண்டு துளைகள். ஒன்றில் அவளுடைய மைக், இன்னொன்றில் என் கிட்டார் ஒயர். திரையில் அவளுக்கு ஒரு ட்ராக், எனக்கு ஒரு ட்ராக். எந்த ட்ராக்கில் பதிவாக வேண்டுமோ, அதற்கு மட்டும் சிவப்புப் பட்டனைப் போட வேண்டும். எனக்குப் போட்டேன். அவள் பாடும்போது போட்டிருந்ததை அணைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை. மைக்கும் என் முகத்துக்கு நேராகத்தான் நின்றது. என் கிட்டார் ஒயர் வழியாகப் போகிறது, அறையில் சத்தமே இல்லை, மைக்குக்கு இங்கே என்ன வேலை?

அந்தக் காலியிடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு வாசித்தேன். ஒவ்வொரு முறையும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாக. கடைசியில் ஒன்றில், வேகமும் அழுகையும் இடியும் எல்லாம் கலந்து, என் மொத்தச் சரக்கையும் இறக்கிவிட்டேன். இறக்கி முடித்தபோது எனக்கே தெரிந்தது. தேறாது.

கதவைத் திறந்து மச்சானைக் கூப்பிட்டேன். "வாப்பா. உன் பட்டனைக் கொண்டா."

அவன் பாவம், ஜெயித்த முகத்தை வைத்துக்கொள்ளாமல் இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டான். நாற்காலியில் உட்கார்ந்து, "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க ட்ராக்கைக் கொஞ்சம் அமுக்கி வெச்சுக்கறேன்" என்று என் கிட்டாரை ஊமையாக்கினான். அவள் வாசலருகில் சாய்ந்து நின்றாள். பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டான். இரண்டாவது சரணம் முடிந்தது. காலியிடம் வந்தது.

காலியாக இல்லை.

முதலில் டிக் டிக் என்று, கம்பியை நகத்தால் சுரண்டுகிற சத்தம். அப்புறம், "புல்லாங்குழலாம், புல்லாங்குழல்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். மச்சான் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். நான் என் குளிர்கோட்டைப் பார்த்தேன். அப்புறம் ஒரு முனகல். வாயைத் திறக்காமல், மூக்கும் தொண்டையுமாக. சுவரைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நடக்கிற மாதிரி, அது நாலைந்து ஸ்வரங்கள் போய் ஓர் இடத்தில் நின்றது. மூச்சு வாங்கியது. மறுபடி கொஞ்சம் நடந்து, இன்னும் கொஞ்சம் மேலே போய் நின்றது. கார்டுகள் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தன. கடைசியில் "ஐயோ போச்சு" என்றது. பல்லவி வந்துவிட்டது.

"அக்கா, உன் ட்ராக்ல யாரோ இருக்காங்க" என்றான் மச்சான்.

"அழிடா அதை" என்றேன். காது சுட்டது.

"கையை வெச்சே, பாரு" என்று அவள் தம்பியிடம் சொன்னாள். அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். "மறுபடி போடு."

மறுபடி போட்டான். அவள் தலையைக் குனிந்து கேட்டாள்.

"இதேதான்" என்றாள். "அன்னைக்கு லிஃப்ட் மேல நின்னுக்கிட்டு இப்படித்தான் முனகினீங்க. உள்ள ஒண்ணுமே தெரியலை, அந்தம்மா அழுதுட்டே இருந்தாங்க. மேல இருந்து இது வந்துச்சு. அந்தம்மா அழுகையை நிறுத்திட்டுக் கேட்டாங்க."

"நான் முனகவே இல்லையே."

"பாட்டுல 'மேலே ஒரு சத்தம்'னு எழுதியிருக்கேனே, அது என்னன்னு நினைச்சீங்க?"

"நான் கதவை உடைச்ச சத்தம்னு நினைச்சேன்."

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டான். அவளுக்கும் உதடு துடித்தது. "எங்களுக்குத் தைரியம் சொல்றதுக்காகப் பாடறார், எவ்வளவு நல்ல மனுஷன்னு நினைச்சேன்."

இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? "எனக்குக் கால் நடுங்கிட்டு இருந்துச்சு. கீழ அவ்வளவு ஆழம். அது எனக்கு நானே சொல்லிக்கிட்ட தைரியமா இருக்கும்."

"அதுவும் தெரியும். கல்யாணம் ஆன புதுசுல ஊசி போட்டுக்கும்போது இதே மாதிரி முனகினீங்க. அன்னைக்கே புரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"சொன்னா வேணும்னே முனகுவீங்க. அதுல இடி மின்னல் எல்லாம் சேத்துடுவீங்க." என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "கிட்டாரை எடுங்க. இதை வாசிங்க."

எடுத்தேன். மச்சான் முனகலைத் துண்டு துண்டாகப் போட்டுக் காட்ட, நான் கம்பியில் தேடினேன். முதல் ஸ்வரம் மூன்றாவது கம்பியில் கிடைத்தது. இரண்டாவது எந்தக் கட்டத்திலும் இல்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் எங்கேயோ இருந்தது. கம்பியை லேசாக வளைத்துத் தொட வேண்டியிருந்தது. நேற்று அழ வைத்த அதே வளைப்புதான், கால்வாசி. பிறகு ஒன்றைக் கவனித்தேன். கார்டு மாறும் ஒவ்வோர் இடத்திலும் முனகல் அந்தக் கார்டுக்குள்ளேயே இருக்கும் ஒரு ஸ்வரத்தில் போய் நிற்கிறது. மாடி வந்ததும் தரைக்கு நேராக நிற்கிறது, கதவு திறக்கிறது, மூடுகிறது, அப்புறம்தான் புறப்படுகிறது. இந்த நிற்றலுக்காகத்தான் எனக்கு மாதச் சம்பளமே கொடுக்கிறார்கள்.

இரண்டு வரி நன்றாக வந்தது. மூன்றாவதில் கை சும்மா இருக்காமல் மேலே ஒரு ஓட்டம் ஓடியது.

"எங்க போறீங்க?" என்றாள்.

"சும்மா, மொட்டை மாடி வரைக்கும்."

"கீழ இறங்குங்க."

இறங்கினேன். வரி முடிந்ததும் அவள் தன் ஆஸ்பத்திரிக் குரலில், "மூச்சை விடுங்க" என்றாள். விட்டேன். கையும் நின்றது. அந்த நிற்றலில் பின்னணிக் கார்டு முதன்முறையாக என் காதில் முழுசாக விழுந்தது. எவ்வளவு நல்ல கார்டு. அதை நான்தான் வாசித்திருந்தேன், இத்தனை நாளாக அதன்மேல் ஏறி ஓடிக்கொண்டும் இருந்தேன்.

சிவப்புப் புள்ளி எரிந்தது. பயம் வந்தது. பயந்தபடியே வாசித்தேன். முதல் டேக்கில் மேல்வீட்டு மிக்சி கலந்தது. இரண்டாவது சரியாக வந்துவிட்டது என்று மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

மச்சான் அதை ஓடவிட்டான். கிட்டாருக்கு அடியில் அந்த முனகல் மெலிசாகக் கேட்டது. நான் அவளைப் பார்த்தேன். இந்த முறை அவள் மைக்கை அணைக்காமல் விட்டது மறதி இல்லை.

"அதை எடுத்துடு மாப்ள. ஊர் கேக்கப்போகுது."

"எடுக்காதே" என்றாள் அவள். "கிட்டாருக்கு மூக்கு இல்லைன்னு அவரே சொன்னார். இரவல் குடுத்திருக்கார், இருக்கட்டும்."

"அப்ப என் புல்லாங்குழல்?" என்றான் மச்சான், சும்மா கேட்டுவைக்கிற குரலில்.

"அங்க ஆள் ஏறியாச்சுடா. நீ அடுத்த லிஃப்ட்ல வா."

அவன் எல்லாவற்றையும் சரிசெய்து, வானொலி நிலையத்துக்கு அனுப்பத் தயாராக வைத்துவிட்டு எழுந்தான். "அக்கா, நீயே அமுக்கு."

அவள் உட்கார்ந்தாள். விரல் மவுஸின் மேல் போய் நின்றது. நின்றபடியே இருந்தது. டம்ளரைத் திரும்பக் கழுவிய அதே முகம். நானும் மச்சானும் அவள் பின்னால் நின்றோம். ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன். எனக்கு வந்ததெல்லாம் கேலிதான், அதற்கு இது நேரம் இல்லை.

"நீங்க ஏன் முனகறீங்க?" என்றாள், திரும்பாமல். "அனுப்பறது நான்தானே."

"அதான் பயமா இருக்கு."

அவள் தோள் குலுங்கியது. மூச்சை இழுத்தாள், பிடித்தாள், அமுக்கிவிட்டாள்.

பாட்டை வானொலியில் போடுவார்களா, எப்போது போடுவார்கள் என்று இன்னும் தெரியாது. திங்கட்கிழமை நானும் ஸ்பேனரும் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட்டின் கூரைமேல் நின்று மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தோம். ஒவ்வொரு மாடியாக நின்று, கதவுப் பூட்டைப் பார்த்துவிட்டு, அடுத்ததுக்கு. ஸ்பேனர் திடீரென்று கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுத் தன் பெல்ட்டைத் தடவினான்.

"என்னப்பா, முனகறே? கயிறு ஏதாவது ஆடுதா?"

"ஒண்ணும் இல்லை. இது பாட்டு. எங்க வீட்டுப் பாட்டு. நான்தான் லீட்."

அவன் என்னை நன்றாகப் பார்த்தான். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று, பெல்ட்டை இன்னும் ஒரு துளை இறுக்கிக்கொண்டான்.